மூலநிரலை மூடி வைத்தால் ஓட்டை அடைபடாது: அரசுகளின் தகவல் தொழில்நுட்பத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பொதுமக்களின் வரிப்பணத்தில் மென்பொருள் வாங்கும் அதிகாரிகளுக்கும், கணினிப் பாதுகாப்புக்குச் சட்டம் எழுதுவோருக்கும்,

வணக்கம்.

உங்கள் டெண்டர் ஆவணங்களிலும், விவரம் கேட்டு எழுதுவோருக்கு நீங்கள் அனுப்பும் பதில்களிலும் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: "பாதுகாப்புக் காரணங்களுக்காக மூலநிரலை வெளியிட இயலாது." மூலநிரல் என்றால் நிரலர் எழுதிய, மனிதர் படிக்கக்கூடிய நிரல். மேலே சொன்ன அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள்களை எழுதுகிறவர்கள், பராமரிக்கிறவர்கள், அவற்றை வைத்துச் சர்வர்களை நடத்துகிறவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். எடுத்துவிட்டால் அடுத்து என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் சொல்கிறோம். அந்த வேலை குறைவல்ல.

2021 அக்டோபரில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் நடந்ததை முதலில் பாருங்கள். ஆசிரியர்களின் தகுதிச் சான்றைச் சரிபார்க்க மாநிலக் கல்வித் துறை ஓர் இணையதளம் வைத்திருந்தது. அந்தப் பக்கங்களை அமைக்கும் எச்டிஎம்எல் எழுத்துக்குள் ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் (அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) கிடப்பதை ஒரு நாளிதழின் செய்தியாளர் கண்டார். துறையிடம் சொன்னார். தளம் சரிசெய்யப்படும் வரை செய்தியை வெளியிடாமல் காத்திருந்தார். மாநில ஆளுநரோ அவரை ஹேக்கர் என்றார், வழக்குப் போடப்படும் என்றார். 2022 பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் வழக்கு இல்லை என்று முடித்துவைத்தார்.

அந்தச் செய்தியாளர் செய்ததை எந்த பிரவுசரிலும் யாரும் செய்யலாம். கண்ட்ரோல் விசையோடு யூ விசையை அழுத்தினால் சர்வர் அனுப்பிய பக்கம் எழுத்தாகத் தெரியும். எண்கள் பேஸ்64 வடிவில் இருந்தன. பேஸ்64 குறியாக்கம் (சாவி போட்டுப் பூட்டி ரகசியமாக்குவது) அல்ல, அதற்குச் சாவி கிடையாது. ஓர் எழுத்து வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் முறை அது, திருப்பிப் படிக்க ஒரு நொடி போதும். தவறு நடந்த இடம் சர்வர். திரையில் காட்டவேண்டியது பெயரும் சான்றின் நிலையும் மட்டும் என்றால், தரவுத்தளத்திலிருந்து அந்த இரண்டு பத்திகளை மட்டும்தான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். முழுப் பதிவையும் பிரவுசருக்கு அனுப்பிவிட்டு, அதில் பாதியைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்ததுதான் பிழை. பார்த்துச் சொன்னவரை மிரட்டியதால் அடுத்து ஓட்டையைக் காண்பவர் வாயைத் திறக்கத் தயங்குவார்.

மூலநிரல் கையில் இல்லாமல் தாக்குபவரால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறீர்கள். ஆண்ட்ராய்டு செயலி என்பது ஒரு ஜிப் கோப்புதான். விரித்தால் படங்களும் வாசகங்களும், கணினி ஓட்டும் வடிவுக்குத் தொகுக்கப்பட்ட நிரலும் இருக்கும். ஜேடெக்ஸ் என்ற இலவசக் கருவி அந்த நிரலை ஜாவாவாகத் திருப்பிக் கொடுக்கும். மாறிகளின் பெயர்கள் தொலைந்திருக்கலாம், ஆனால் சர்வர் முகவரிகளும், சோம்பலில் நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த கடவுச்சொற்களும் அப்படியே இருக்கும். கணினி நிரல்களுக்கு கிட்ரா இருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உள்ளுக்குள் பயன்படுத்திவந்த கருவி அது. 2019 மார்ச்சில் எல்லோருக்கும் கொடுத்தார்கள், அடுத்த மாதம் மூலநிரலையும் வெளியிட்டார்கள்.

அடுத்து, செயலிக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு ப்ராக்ஸியை (இடையில் நின்று கடத்தும் நிரலை) வைத்தால் போகிற வருகிற கோரிக்கைகள் எல்லாம் தெரியும். விண்ணப்ப எண் 1041 என்று ஒரு கோரிக்கை போகிறது. அதை 1042 என்று மாற்றி அனுப்பும்போது அடுத்தவரின் விண்ணப்பம் வந்து விழுந்தால், பத்து வரி நிரலை ஓர் இரவு ஓடவிட்டு மொத்தப் பட்டியலையும் இறக்கிவிடலாம். கேட்பவருக்கு அந்தப் பதிவைப் பார்க்கும் உரிமை உண்டா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சோதிக்காததுதான் காரணம். ஓடிபி சரியா தவறா என்ற முடிவைச் செயலியிடமே விட்டுவிடுவது இன்னொரு வகை. சர்வர் அனுப்பும் 'தவறு' என்ற பதிலை வழியில் 'சரி' என்று திருத்தினால் கதவு திறந்துவிடும். மூன்றாவது வகை, நிரலைச் சர்வரில் ஏற்றும்போது கிட் களஞ்சியத்தின் (நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்துவைக்கும் கிடங்கு) மறைகோப்புறையையும் சேர்த்து ஏற்றிவிடுவது. அது வெளியிலிருந்து படிக்கும்படி கிடந்தால் நிரலின் முழு வரலாறும் இறங்கும். மூன்று ஆண்டுக்கு முன் எழுதி, பிறகு அழித்த தரவுத்தளக் கடவுச்சொல்லும் அதில் வரும்.

அனுபவமுள்ள நிரலர் ஒருவர் மூலநிரலை ஒரு மணி நேரம் படித்தால் இவற்றில் முதல் இரண்டும் கண்ணில் பட்டுவிடும். நிரலை மூடி வைக்கும்போது, படிக்கும் கண் தாக்குபவருடையது மட்டும் என்றாகிவிடுகிறது.

திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சுவிட்சர்லாந்தில் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2019 தொடக்கத்தில் சுவிஸ் அஞ்சல் நிறுவனம் தன் இணையவழி வாக்குப்பதிவு அமைப்பின் மூலநிரலைப் பார்வைக்கு வைத்தது. சில வாரங்களில் சாரா ஜேமி லூயிஸ், ஒலிவியே பெரெய்ரா, வனெசா டீக் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அதில் மோசமான பிழையைக் கண்டார்கள். யார் எந்த வாக்கைப் போட்டார் என்பது தெரியாதபடி வாக்குகளைக் கலைத்துப் போடும் பகுதி அது. கலைத்தபோது ஒரு வாக்கும் மாற்றப்படவில்லை என்பதற்கு அந்தப் பகுதி கணித நிரூபணம் தரவேண்டும். நிரூபணத்துக்கு அடிப்படையான சில எண்களை அமைப்பே தேர்ந்துகொண்டது. அந்த எண்களுக்கு இடையிலான ரகசியத் தொடர்பு யாருக்கும் தெரியாது என்று காட்ட வழி வைக்கவில்லை. தொடர்பு தெரிந்தவர் வாக்குகளை மாற்றிவிட்டு, மாற்றவில்லை என்று செல்லுபடியாகும் நிரூபணத்தையும் தந்துவிடலாம். அந்த ஆண்டு அக்டோபர் தேர்தலில் அந்த அமைப்பு பயன்படுத்தப்படவில்லை. சுவிஸ் அஞ்சலுக்கு அதைச் செய்துகொடுத்த ஸ்பெயின் நிறுவனமான சைட்டில் உருவாக்கிய வேறோர் அமைப்பில் அந்த மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வாக்குப்பதிவே நடந்துகொண்டிருந்தது. அதிலும் இந்தப் பிழை உண்டு என்று அங்கே தேர்தல் ஆணையம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

சுவிஸ் அஞ்சல் முதல் முறை ஒரு தவறும் செய்தது. பதிவுசெய்து, நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொள்பவருக்கே நிரல் என்றது. ரகசியம் காக்க ஒப்பமிட்டுவிட்டுப் படிப்பவர் தான் கண்டதை ஊருக்குச் சொல்ல முடியாது என்பதால் நல்ல ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட ஒப்பந்தங்களைத் தொடமாட்டார்கள். பிறகு அதைத் திருத்திக்கொண்டார்கள். அமைப்பைச் செப்பனிட்டு, 2021 முதல் யாரும் பதிவுசெய்யாமலே படிக்கும்படி நிரலை வெளியிட்டு, 2023 ஜூனில் சில மாநிலங்களில் மீண்டும் தொடங்கினார்கள். நாங்கள் கேட்கும் வரிசை இதுதான். முதலில் வெளியீடு, பிறகு ஆய்வு, திருத்தம், அதன் பிறகே பயன்பாடு.

மூடிய நிரலுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். எஸ்டோனியாவின் அடையாள அட்டையில் இருந்த சிப்புக்கும் சான்றிதழ் இருந்தது. அதன் ஆர்எஸ்ஏ சாவிகளை (ஆர்எஸ்ஏ ஒரு குறியாக்க முறை) உருவாக்கியது இன்ஃபினியன் நிறுவனத்தின் மூடிய நிரலகம், அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல்தொகுப்பு. ஆர்எஸ்ஏவில் இரண்டு பெரிய பகா எண்களைத் தற்போக்காகத் தேரவேண்டும். வேகத்துக்காக அந்த நிரலகம் ஒரு குறிப்பிட்ட வடிவில் அமையும் பகா எண்களை மட்டுமே தேர்ந்தது. அதனால் எல்லோருக்கும் தெரியும் பொதுச் சாவியைப் பார்த்தே இது பலவீனமான சாவி என்று சொல்லிவிட முடிந்தது, செலவு செய்தால் ரகசியச் சாவியையும் கணக்கிட முடிந்தது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதைக் கண்டபோது பிழைக்கு வயது குறைந்தது ஐந்து ஆண்டு. மூலநிரல் அவர்களிடம் இல்லை. சிப்புகள் உருவாக்கிய ஏராளமான சாவிகளை அலசித்தான் பிடித்தார்கள். நிரல் திறந்திருந்தால் குறியாக்கம் படிக்கும் மாணவர் ஒருவர் அந்தச் சூத்திரத்தைக் கண்டு ஏன் இப்படி என்று கேட்டிருப்பார்.

எஸ்டோனிய அரசு அப்போது நடந்துகொண்ட விதம் எல்லோரும் பின்பற்றத் தக்கது. ஆகஸ்ட் இறுதியில் தகவல் கிடைத்தது, செப்டம்பர் 5 அன்று மக்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்கள். நீள்வட்ட வளைவு என்ற வேறு குறியாக்க முறைக்கு மாற்றிய புதிய டிஜிட்டல் சான்றிதழ்களைக் கணினி வழியே அட்டைக்குள் ஏற்ற ஏற்பாடு செய்தார்கள். நவம்பர் 3 நள்ளிரவோடு, பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 7,50,000 அட்டைகளின் பழைய சான்றிதழ்களை நிறுத்திவைத்தார்கள்.

இப்போது எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். திறந்து வைத்த நிரல் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. இணையதளத் தொடர்புகளைக் குறியாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற நிரலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற பிழை 2012 மார்ச் முதல் 2014 ஏப்ரல் 7 வரை எல்லோர் கண் முன்னாலும் கிடந்தது. 'நான் அனுப்பும் சொல்லின் நீளம் இவ்வளவு' என்று எதிர்முனை சொல்வதை நிரல் சரிபார்க்காமல் நம்பியது. ஓரெழுத்தை அனுப்பி, நீளம் 64,000 பைட் என்று சொன்னால், சர்வர் தன் நினைவகத்திலிருந்து அவ்வளவையும் அள்ளித் திருப்பி அனுப்பியது. கடவுச்சொல், சாவி எது வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். இணையத்தின் பெரும்பகுதியைத் தாங்கிய அந்தத் திட்டத்துக்கு அப்போது முழுநேர நிரலர் ஒருவர்தான். நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்.

2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற ஓட்டை வெளிவந்தது. ஜாவா நிரல்கள் பதிவேடு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நிரலகத்தில், பதிவேட்டில் சேரும் வாசகத்துக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் வெளி முகவரி ஒன்றை வைத்தால், நிரலகம் அந்த முகவரிக்குப் போய் அங்கிருந்ததை இறக்கி ஓட்டிவிட்டது. பயனர் பெயர் கேட்கும் பெட்டியில் தட்டினாலே போதும். திருத்தம் உடனே வந்தது, ஆனால் ஒரே தடவையில் முடியவில்லை. 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த ஒரு மாதத்துக்குள் நான்கு வெளியீடுகள். துறைகளுக்குப் பெரிய தலைவலி வேறிடத்தில் இருந்தது. இந்த நிரலகம் தங்களிடம் எங்கெங்கே இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. ஜாவாவில் ஒரு ஜார் கோப்புக்குள் (நிரலைக் கட்டித் தரும் பொதி) இன்னொரு ஜார், அதற்குள் இன்னொன்று என்று அடுக்கி வைப்பார்கள். மேலோட்டமாகக் கோப்புப் பெயரைத் தேடினால் கிடைக்காது, ஒவ்வொன்றையும் விரித்து உள்ளே ஜேஎன்டிஐ லுக்கப் என்ற கிளாஸ் (நிரலின் ஒரு பகுதி) இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். புதிய பதிப்பு ஏற்ற முடியாத இடத்தில் அந்த ஒரு கிளாஸை ஜாரிலிருந்து நீக்கிவிட்டு நிரலை மறுபடி தொடங்குவது அவசர வைத்தியமாக இருந்தது. மென்பொருளின் உட்பொருள் பட்டியல் ஒன்றை வாங்கும்போதே கேட்டுப் பெற்றிருந்த இடங்களில், எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரே தேடலில் விடை கிடைத்தது.

எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் ஆழமானது, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. தன் ஓய்வு நேரத்தில் ஒருவர் தனியாகப் பராமரித்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை பெற்றார். வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளைச் சேருங்கள் என்று வேறு சில பெயர்களிலிருந்து பராமரிப்பாளருக்கு அழுத்தம் வந்தது. கடைசியில் வெளியீட்டுப் பொறுப்பு ஜியா டான் கைக்குப் போனது. 2024இல் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது ரகசிய நுழைவழி இருந்தது. அதன் உடல், சோதனைக்கென்று வைத்திருந்த, கெட்டுப்போனது போலத் தோன்றும் சுருக்கக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை எழுப்பிவிடும் வரிகள் வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தன, எல்லோரும் படிக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. சில லினக்ஸ் வழங்கல்கள் (லினக்ஸ் இயங்குதளத்தின் பதிப்புகள்) எஸ்எஸ்எச் சர்வரை, அதாவது தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் நிரலை, கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியோடு இணைத்துத் தொகுத்திருந்தன. சிஸ்டம்டியின் நிரலகம் எக்ஸ்இசட்டின் நிரலகத்தை இழுத்துவரும். அந்த வழியாகத் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வாசல் வரை பின்கதவு போய்ச் சேர்ந்தது.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலர், தன் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கண்டு, காரணம் தேடிப்போய் இதைப் பிடித்தார். 2024 மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். டெபியன், ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கல்களில் முன்னதன் சோதனைக் கிளைகளிலும் பின்னதன் வளர்நிலைக் கிளையிலும் நுழைந்திருந்தது, நிலையான பதிப்புகளுக்கு அப்போது வந்திருக்கவில்லை. அந்த அரை நொடியின் காரணத்தைத் தோண்டிப் போக அவரால் முடிந்தது ஒவ்வோர் அடுக்கும் திறந்திருந்ததால். மூடிய நிரலாக இருந்திருந்தால் உற்பத்தியாளருக்கு ஒரு புகார் எழுதுவதோடு நின்றிருக்கும். அதே சமயம், ஒரே ஒரு களைத்த மனிதர் மேல் உலகமே ஏறி உட்கார்ந்திருந்ததால்தான் பின்கதவு உள்ளே வந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை.

ஆகவே பராமரிப்புக்குப் பணம் கொடுங்கள். ஜெர்மனி 2022இல் இதற்கென்றே ஒரு நிதியம் தொடங்கியது. கர்ல் (இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் நிரல்), லாக்4ஜே போன்ற அடித்தளத் திட்டங்களுக்கு அது பணம் தருகிறது. பணத்துக்குப் பதில் படிவத்தை அனுப்பாதீர்கள். லாக்4ஷெல்லுக்குப் பிறகு 2022 ஜனவரியில் கர்லைப் பராமரிப்பவருக்கு ஒரு பெருநிறுவனத்திலிருந்து, லாக்4ஜே பற்றிக் கேள்விப் பட்டியல் போட்டு உடனே பதில் கேட்டு மடல் வந்தது. கர்ல் சி மொழியில் எழுதப்பட்டது, ஜாவாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அரசுகள் சட்டம் எழுதும்போதும் இதே தவறு நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2022இல் வரைவாக வந்தபோது, இலவசமாக நிரல் எழுதித் தருபவர் மேலும் விற்பனையாளரின் பொறுப்பு விழும் அபாயம் இருந்தது. கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் எழுதிப் போராடிய பிறகு 2024இல் நிறைவேறிய வடிவத்தில் அது பெரிதும் திருத்தப்பட்டது. முதலிலேயே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

பின்கதவு பற்றி எங்கள் நிலை உறுதியானது. "நல்லவர்களுக்கு மட்டும் திறக்கும்" வழியைக் குறியாக்கத்தில் வைக்க முடியாது. 2004, 2005இல் கிரேக்கத்தில் ஒரு கைபேசி நிறுவனத்தின் இணைப்பகங்களில், சட்டப்படி ஒட்டுக்கேட்க வைத்திருந்த வசதியையே யாரோ கைப்பற்றி, பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பேச்சைக் கேட்டார்கள். யார் என்பது ஆண்டுக்கணக்கில் தெரியவில்லை. 2024இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் புகுந்தவர்களும் நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்கும் அமைப்புகளைத் தொட்டார்கள். வாசல் இருந்தால் அது எல்லோருக்கும் வாசல்தான்.

ஓட்டையைக் கண்டுபிடித்துப் பூட்டி வைத்துக்கொள்வதும் அதே வகை. விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்க உளவு முகமை தன் பயன்பாட்டுக்கு வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று அதற்கான திருத்தத்தை, அதாவது பேட்ச், வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று முகமையின் கருவி திருடர்களால் இணையத்தில் கொட்டப்பட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரலான வான்னாக்ரை பரவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனை அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. பேட்ச் வந்து ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகியும் ஏற்றாத கணினிகள்தான் விழுந்தன என்பதையும் கவனியுங்கள். உளவு அமைப்பின் தவறு ஒன்று, பராமரிப்புப் பிரிவின் தவறு இன்னொன்று.

சீனாவில் 2021 செப்டம்பர் முதல், ஓட்டை தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அமைச்சகத்துக்குச் சொல்லவேண்டும் என்று விதி உள்ளது. லாக்4ஷெல்லைக் கண்டுபிடித்தது அலிபாபா கிளவுடின் பொறியாளர். முறைப்படி முதலில், லாக்4ஜேயைப் பராமரிக்கும் அப்பாச்சி அமைப்பிடம் சொன்னார், திருத்த வேண்டியவர்கள் அவர்கள்தானே. அமைச்சகத்திடம் முதலில் சொல்லவில்லை என்று அந்த நிறுவனத்தோடு இருந்த தகவல் பகிர்வு உறவு ஆறு மாதம் நிறுத்தப்பட்டது. திருத்தம் வராத ஓட்டைகளின் பட்டியலை ஒரே அலுவலகத்தில் குவித்தால், தாக்குபவர் முதலில் உடைக்க நினைக்கும் அலுவலகம் அதுவாகத்தான் இருக்கும். எந்த நாட்டில் இப்படி விதி எழுதினாலும் இதே ஆபத்துதான்.

இனி ஒப்பந்தம். அடுத்த டெண்டரில் மூலநிரலைக் கிட் களஞ்சியமாக, முழு வரலாற்றோடு கேளுங்கள். கடைசி நாளில் ஜிப் ஆக்கித் தரும் கோப்பு உதவாது, எந்த வரியை யார் ஏன் மாற்றினார் என்பது அதில் இருக்காது. புதிதாக நிறுவிய ஒரு கணினியில், ஒப்பந்தக்காரர் கைவைக்காமல், துறையின் சொந்த ஆள் ஒருவர் எழுத்து வழிகாட்டியை மட்டும் பார்த்து நிரலைத் தொகுக்கட்டும். அது ஓடிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். முதல் முறை பெரும்பாலும் ஓடாது: ஒப்பந்தக்காரரின் கணினியில் மட்டும் இருக்கும் ஒரு நிரலகம், எங்கும் எழுதாத ஓர் அமைப்பு, அவருடைய உள்வலை முகவரி என்று ஏதாவது ஒன்று விடுபட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை. பிறகு இரண்டு கணினிகளில் தனித்தனியாகத் தொகுத்து, வெளிவந்த கோப்புகளின் எஸ்எச்ஏ-256 கூட்டு எண்கள் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒன்றா என்று பாருங்கள். பொதுவாக நேர முத்திரை, கோப்புகளின் வரிசை, கோப்புறைப் பாதை ஆகிய மூன்றால்தான் வேறுபடும், மூன்றையும் நிலைப்படுத்தத் தெரிந்த வழிகள் இருக்கின்றன. சர்வரில் ஏற்றிய கோப்பின் எண்ணும் அவற்றோடு ஒத்தால், சர்வரில் ஓடுவது நீங்கள் படித்த நிரலேதான் என்று உறுதி சொல்லலாம். எக்ஸ்இசட் போல, களஞ்சியத்தில் ஒன்றும் பொதியில் வேறொன்றும் இருக்கும் ஏமாற்று இங்கே பிடிபடும்.

களப்பெயர் (இணையதள முகவரி), செயலிக் கடையின் கணக்கு, செயலிக்குக் கையொப்பமிடும் சாவி மூன்றும் துறையின் பெயரில் இருக்கவேண்டும். முந்தைய சாவியோடு தொடர்பில்லாத சாவியால் கையொப்பமிட்ட அப்டேட்டை ஆண்ட்ராய்டு ஏற்காது. சாவி பழைய ஒப்பந்தக்காரரிடம் இருந்து, அவர் போய்விட்டால், மக்கள் அனைவரும் பழைய செயலியை நீக்கிப் புதிதாக நிறுவ வேண்டிவரும். அதற்குள் போலிச் செயலிகள் முளைத்துவிடும். களப்பெயரைப் புதுப்பிக்க மறந்தாலும் இதே கதிதான். அரசின் பழைய முகவரியை வேறொருவர் வாங்கினால், அதை நம்பி மக்கள் தட்டும் விவரமெல்லாம் அவர் கைக்குப் போகும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வெளியிடும் முன், அதன் வரலாறு முழுவதிலும் கடவுச்சொற்களும் சாவிகளும் கிடக்கின்றனவா என்று தேடும் கருவியை ஓடவிடுங்கள். கிட்லீக்ஸ் போன்றவை இலவசம். கிடைத்ததை அழித்தால் போதாது. வெளியே போயிருக்கும் என்றே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மாற்றுங்கள். உரிமம் ஒன்றையும் சேருங்கள். உரிமம் இல்லாத நிரலைப் பிறர் படிக்கலாம், சட்டப்படி எடுத்துப் பயன்படுத்த முடியாது. சுவிட்சர்லாந்தில் 2024 ஜனவரி 1 முதல், கூட்டாட்சி அரசுத் துறைகள் தாங்கள் எழுதும் அல்லது எழுதவைக்கும் மென்பொருளின் மூலநிரலை வெளியிடவேண்டும் என்பதே சட்டம். பிறர் உரிமையும் பாதுகாப்பும் மட்டும் விலக்கு. விலக்கைக் காட்டுபவர் காரணத்தைச் சொல்லும் கடமை இருக்கும்போது அதைப் பழக்கத்துக்காக எழுதிவிட முடியாது.

ஒரு எச்சரிக்கை. கட்டற்ற மென்பொருளுக்கு மாறுகிறோம் என்று அறிவித்துவிட்டு, ஒரு லினக்ஸ் வழங்கலை எடுத்து, பெயரையும் முகப்புப் படத்தையும் மாற்றி, நாட்டுக்கென்று தனி இயங்குதளம் என்று வெளியிடாதீர்கள். டெபியன் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டால் உங்கள் பதிப்புக்கும் அது ஓரிரு நாளில் வந்தாக வேண்டும், வாரம் தவறாமல், ஆண்டுக்கணக்கில். அதற்கு ஆள் வைக்காத தனி வழங்கல் முதல் ஆண்டிலேயே பழசாகிவிடும். மூலத்தை அப்படியே பயன்படுத்துங்கள். வேண்டிய மொழிபெயர்ப்பையும் திருத்தத்தையும் மூலத் திட்டத்துக்கே அனுப்புங்கள். மாறும் வரிசையிலும் நிதானம் வேண்டும். பிரான்சின் ஜாந்தார்மரி காவல் படை முதலில் அலுவலகச் செயலியை மாற்றியது, பிறகு பிரவுசரையும் மின்னஞ்சலையும், 2008 முதல்தான் இயங்குதளத்தை. பணியாளர் அன்றாடம் தொடும் செயலிகள் பழகிப்போன பின் அடியில் இருக்கும் இயங்குதளம் மாறுவது பெரிதாகத் தெரியாது.

கோப்பு வடிவமும் கவனிக்க வேண்டியதே. 2020 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் கணக்கில் விடுபட்டார்கள். பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை, மிச்சம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது.

கடைசியாக, ஓட்டையைச் சொல்ல வருபவருக்கு ஒரு வாசல். இணையதளத்தில், பெயர் புள்ளியில் தொடங்கும் 'வெல்-நோன்' கோப்புறைக்குள் 'செக்யூரிட்டி டாட் டிஎக்ஸ்டி' என்ற சிறு எழுத்துக் கோப்பை வையுங்கள். 2022 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 9116 என்ற இணைய நெறி ஆவணம் இதன் வடிவத்தைச் சொல்கிறது. கட்டாயம் வேண்டியது இரண்டே வரி, தொடர்பு முகவரி ஒன்று, காலாவதித் தேதி ஒன்று. அந்த முகவரியை ஒருவர் அல்ல, இரண்டு மூன்று பேர் பார்க்கட்டும். அதிகாரி மாற்றலாகிப் போனால் மடல் கேட்பாரற்றுக் கிடக்கக்கூடாது. இரண்டு வேலை நாளில் 'கிடைத்தது' என்று பதில் எழுதுங்கள். திருத்தத்துக்கு 90 நாள் என்பது உலகம் ஓரளவு ஏற்றுக்கொண்ட கணக்கு. நல்லெண்ணத்தோடு தேடி, தேவைக்கு மேல் தரவைத் தொடாமல், முதலில் உங்களிடம் சொல்பவர்மேல் வழக்கு இல்லை என்று எழுத்தில் உறுதி தாருங்கள். நெதர்லாந்து 2013இலேயே இதற்கு வழிகாட்டி வெளியிட்டது, சொன்னவர்களுக்கு நன்றியாக டி-சட்டையும் அனுப்புகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2016இல் தன் தளங்களை முன்பதிவு செய்த நிரலர்களுக்கு நான்கு வாரம் திறந்துவிட்டது. 138 உண்மையான ஓட்டைகள் கிடைத்தன. மொத்தச் செலவு 1,50,000 டாலர், அதில் பாதி கண்டுபிடித்தவர்களுக்கே போனது.

இந்தக் கோப்பை வைக்க நிதி ஒதுக்கீடு வேண்டாம், டெண்டர் வேண்டாம், சட்டத் திருத்தம் வேண்டாம். உங்கள் சர்வர் நிர்வாகி அரை மணி நேரத்தில் ஏற்றிவிடுவார். இந்த மடலைப் படித்து முடித்ததும் அவருக்கு ஆணை அனுப்புங்கள். ஒப்பந்த விதிகளின் வரைவு எழுதவும், முதல் களஞ்சியத்தை வெளியிடும் முன் படித்துப் பார்க்கவும் எங்களில் பலர் கட்டணமின்றி வரத் தயாராக இருக்கிறோம். ரகசிய ஒப்பந்தம் மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் எழுதுவோரும் பராமரிப்போரும்